முகம் தெரியாத இன்ஸ்பெக்டர்

போலீஸ் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தங்கப்பதக்க'த்தில் (1974) தொடங்கி, 'மூன்று முக'த்தின் (1982) அலெக்ஸ் பாண்டியனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நேராகக் 'காக்க காக்க'வுக்கு (2003) வந்துவிடுவார்கள். நடுவில் எங்கள் பக்கத்துக் கொட்டகைகளை நிரப்பிய ஒரு படம் அந்த வரிசையில் இருக்காது. தெலுங்கிலிருந்து குரல் மாற்றிக் கொண்டுவந்த படம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். 1989-இல் கோடி ராமகிருஷ்ணா இயக்கிய 'அங்குசம்' தமிழ் பேசி 'இதுதாண்டா போலீஸ்' ஆனது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, செக்கானூரணி, சேடபட்டி வட்டாரத்தில் என் வயதை ஒட்டிய யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கதையைச் சொல்வதற்கு முன்னால், அதை எந்தக் கொட்டகையில், யார் யாரோடு உட்கார்ந்து பார்த்தோம் என்பதைத்தான் சொல்லத் தொடங்குவார்கள்.

அந்த வரவேற்பைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். போலீஸ்காரர் தெருவுக்குள் நுழைந்தால் கதவைச் சாத்திக்கொண்ட ஊர்கள் எங்களுடையவை. அப்படிப்பட்ட ஊர்கள் ஒரு போலீஸ் படத்துக்கு எழுந்து நின்று கைதட்டின. அது எதற்காக விழுந்த கைதட்டல் என்பதை யாராவது சரியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஊரையே மிரட்டும் ஒரு ரவுடி, அவனைத் தாங்கிப் பிடிக்கும் அரசியல்வாதிகள், அவர்களுக்கு வளைந்துகொடுக்காத ஓர் இன்ஸ்பெக்டர், வளையாததற்காக அவன் படும் பாடு. இன்ஸ்பெக்டராக ராஜசேகர். ரவுடி நீலகண்டனாக ராமி ரெட்டி. பத்திரிகையாளராக இருந்து நடிக்க வந்தவர். கத்தாமல், கண்ணை உருட்டாமல், மெல்லப் பேசியே பயமுறுத்தினார். அதே கதையை இந்தியில் சிரஞ்சீவியை வைத்துப் 'பிரதிபந்த்' (1990) என்று எடுத்தபோதும் அந்த வேடத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரைத் தவிர வேறு யாரையும் அந்த இடத்தில் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பதுதான் காரணமாக இருந்திருக்கும்.

ராஜசேகரின் முகம் எங்களுக்குப் புதிது. 1984-இல் பாரதிராஜாவின் 'புதுமைப் பெண்'ணில் அவர் நடித்திருந்தார் என்பது அப்போது எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை. பின்னாளில்தான் தெரிந்தது, அவர் தேனிக்குப் பக்கத்து லட்சுமிபுரத்தில் பிறந்தவர் என்று. ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. மருத்துவம் படித்தவர், போலீஸ் அதிகாரியின் மகன். தேனி அன்றைக்கு மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, ஆந்திரத்து இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் வாய் பிளந்து பார்த்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர். தெலுங்கில் அவருக்குக் குரல் கொடுத்தவர் சாய்குமார். அந்தக் குரல்காரரும் 1996-இல் கன்னடத்தில் 'போலீஸ் ஸ்டோரி' என்ற படத்தில் காக்கி போட்டு, அதன் மூலமே நட்சத்திரமானார். ஒருவருக்கு உடம்பு, இன்னொருவருக்குக் குரல் என்று சேர்த்து ஒரு போலீஸ்காரனை உண்டாக்கினார்கள். தமிழில் அந்த உடம்புக்கு மூன்றாவதாக ஒரு குரல் வந்து சேர்ந்தது.

எங்கள் கொட்டகையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தென்னங்கீற்றுக் கூரை, பக்கவாட்டில் இடுப்பளவு மண்சுவர், தரையில் மணல். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் உட்கார்ந்தவர் மறைக்கிறது என்று சண்டைக்கு வருவார். மேட்டைக் கலைத்துவிட்டு, விளக்கணைந்ததும் மறுபடி குவித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் பெஞ்ச். கடைசியில் சில நாற்காலிகள். நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் பெண்கள். புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும், விளக்கு எரியும், முறுக்கும் கடலையும் தூக்குச் சட்டியில் வரும். நகரத்துக்காரர்களுக்கு ஒரே இடைவேளை, எங்களுக்குப் பல. இந்த இடைவேளைகள் முக்கியமானவை. படத்தைப் பற்றிய பேச்சு படம் முடிந்த பிறகு தொடங்குவதில்லை. ஒவ்வொரு ரீலுக்கும் நடுவில் தீர்ப்பு சொல்லப்பட்டுவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். பிடிக்கவில்லையென்றால் இரண்டாவது இடைவேளையிலேயே பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விடும்.

'இதுதாண்டா போலீஸ்' ஓடிய நாட்களில் ஒருவரும் போகவில்லை.

குறைகள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. உதடு ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். ஸ்டேஷன் வாசலில் தெலுங்கு எழுத்து. ஜீப்பின் எண் பலகையில் ஆந்திரப் பதிவு. பாட்டு வரும்போது கூட்டம் வெளியே போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வரும். இதையெல்லாம் கேலி செய்ய ஆளிருந்தது. ஆனால் ஒரு காட்சி வந்ததும் கேலி நின்றது. இன்ஸ்பெக்டர் அந்த நீலகண்டனைப் பிடித்து, ஊர் பார்க்கத் தெருவில் அடித்து இழுத்துக்கொண்டு போவான். கடைக்காரர்களும் வழிப்போக்கர்களும் ஓரமாக நின்று பார்ப்பார்கள். திரைக்குள் இருந்த அந்தக் கூட்டமும் திரைக்கு வெளியே மணலில் இருந்த எங்கள் கூட்டமும் ஒன்றையேதான் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ எழுந்தார்கள், பிறகு எல்லாரும் எழுந்தார்கள். கைதட்டல் என்றால் வழக்கமான விசில் கைதட்டல் அன்று. ஆத்திரம் தீர்ந்தவர்களின் சத்தம்.

எனக்குப் பக்கத்தில் எங்கள் சீயான் உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பெற்றவர். கண் அவ்வளவாகத் தெரியாது. படம் என்றால் காதால் கேட்பதுதான். கூட்டம் எழுந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யாரை அடிக்கிறான்?"

"மந்திரியோட ஆளை, சீயான்."

"போலீஸா அடிக்கிறான்? மந்திரி ஆளையா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்படியென்றால் அடிக்கட்டும்" என்றார்.

அந்தச் சொல்லின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. அவருடைய காலத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. சாதி முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய பிரிட்டிஷ் அரசாங்கத்தின் குற்றப்பரம்பரைச் சட்டம், எங்கள் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்கள் மேல் 1914 முதல் ஊர் ஊராகப் பாய்ந்தது. முதலில் கீழக்குயில்குடி, பிறகு எங்கள் பக்கம் முழுவதும். ஆண்பிள்ளைகள் கைரேகை பதிய வேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான மறுநாள் இரவிலும் மாப்பிள்ளை போய்ப் படுத்துவிட்டு வந்த கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறித்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துப் பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். அவரை 'ரோசாப்பூ துரை' என்று எங்கள் கிழவர்கள் இன்னும் அன்போடு சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947-இல்தான். சீயானின் வாலிபம் அத்தனையும் அதற்குள் அடங்கிவிட்டது.

அவருக்குப் போலீஸ் என்றால் அடிக்கிறவன். அது புதிதல்ல. யாரை அடிக்கிறான் என்பதுதான் புதிது. ஏழையின் முதுகுக்கு என்றே உண்டாக்கியதாக அவர் நம்பிய லத்தி, அன்றைக்கு முதல்முறையாகத் திசை மாறி, ஸ்டேஷனே எழுந்து நின்று சலாம் வைக்கும் ஆளின் மேல் விழுந்தது. கொட்டகை கைதட்டியது காக்கிக்கு அல்ல. காக்கிச் சட்டைக்குள் இருந்துகொண்டே தன் மேலிடத்துக்கு எதிராகத் திரும்பிய ஒருவனுக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல், கிராமத்து ரசிகனுக்கு அடிதடி பிடிக்கும், அதனால் போலீஸ் படம் ஓடியது என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அடிதடி வேண்டுமென்றால் அதே வாரம் வேறு கொட்டகையில் வேறு படம் ஓடியது. அதற்கு யாரும் எழுந்து நிற்கவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் ஏட்டையா. அவரும் அந்தப் படத்துக்கு வந்திருந்தார், நாற்காலி டிக்கெட்டில். தெருவில் இழுத்துப் போகும் காட்சியில் சில பேர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். மறுநாள் காலை டீக்கடையில் அப்பா அவரிடம் கேட்டார், "என்ன ஏட்டையா, படம் எப்படி?" என்று.

ஏட்டையா முதலில் உடுப்பைப் பற்றித்தான் பேசினார். தோள்பட்டையில் மூன்று நட்சத்திரமும் ஓரத்தில் சிவப்பு நீல ரிப்பனும் இருந்தால் இன்ஸ்பெக்டர். ரிப்பன் இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் என்றால் டி.எஸ்.பி.; இரண்டு நட்சத்திரமும் ரிப்பனும் சப்-இன்ஸ்பெக்டர். சினிமாக்காரர்கள் இதைக் குழப்பிவிடுவார்கள் என்று ஒவ்வொரு போலீஸ் படத்துக்கும் சொல்வார். பெல்ட்டின் பித்தளை, தொப்பியின் சாய்வு, லத்தியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்பதுவரை அவருக்கு அபிப்பிராயம் உண்டு. அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இழுத்துக்கொண்டு போனான் இல்லையா, அன்றைக்குச் சாயந்திரமே அவனுக்கு மாறுதல் உத்தரவு வந்திருக்கும். தண்ணியில்லாத காடாகப் பார்த்துப் போட்டிருப்பார்கள். அதைப் படத்தில் எங்கே காட்டுகிறான்?"

அவரையும் ஒருமுறை அப்படித் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு மணல் லாரியை நிறுத்தி வழக்கு எழுதியதற்காக. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. ஏட்டம்மா இரண்டு வருடம் இங்கே தனியாக இருந்தார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்கும் லாரியைப் பற்றி அவர் சொல்லவில்லை. படத்தில் விட்டுப்போன காட்சியைத்தான் சொன்னார். டீக்கடையில் இருந்தவர்களில் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். கைதட்டிய சீயானும் தட்டாமல் இருந்த ஏட்டையாவும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்ன முதலீட்டுக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்பப் போலீஸ் கதைக்கே வருகிறார்கள் என்று யோசித்தால், காரணம் காக்கியிலேயே இருக்கிறது. ஒரு விவசாயியைக் கதாநாயகனாக்க வேண்டுமென்றால் அவன் நிலம், கிணறு, கடன், பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போக முடியும். காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வந்து நின்றாலே பாதிக் கதை சொல்லப்பட்டுவிடுகிறது. ஸ்டேஷன் என்பது ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு காந்தி படம், கம்பிக் கதவு, மூலையில் சாத்தி வைத்த லத்திகள். உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும். ஒரு ஜீப் வேண்டும். சண்டையைத் தெருவிலேயே எடுத்துக்கொள்ளலாம். குரல் மாற்றிய படத்துக்கு இந்தச் செலவும் கிடையாது. உரிமையை வாங்கி, வசனம் எழுதி, குரல் பதிந்தால் போதும். பெரிய நட்சத்திரத்தின் படத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லாத சிறு கொட்டகைகள் இவற்றை நம்பித்தான் வண்டி ஓட்டின. விநியோகக்காரர்கள் எம்.ஆர். ஏரியா என்று சொல்லும் இந்த மதுரை ராமநாதபுரம் வட்டாரத்தில், நகரத்துத் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்த பிரதிதான் எங்களுக்கு வரும். பஸ் கூரையில் படப்பெட்டி வந்து இறங்கியதும் சிறுவர்கள் கூடவே ஓடுவோம். கொட்டகைக்காரர் பெட்டியைத் திறந்து ரீல்களை எண்ணிப் பார்ப்பார். மழை பெய்வது மாதிரி கோடு விழுந்த அந்தப் பிரதியில்தான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம்.

சின்னப் படத்துக்கு இன்னொரு பெரிய பலம் இருக்கிறது. அதைத் தயாரிப்பாளர்கள் பலம் என்று நினைப்பதே இல்லை. முகம் தெரியாத இன்ஸ்பெக்டர் செத்துப்போகலாம். ரஜினிகாந்த்தோ விஜயகாந்த்தோ காக்கி போட்டு வந்தால், எத்தனை பேர் சுற்றி வளைத்தாலும் நமக்குக் கவலையில்லை. கடைசி ரீலில் என்ன நடக்கும் என்பது போஸ்டரைப் பார்த்தபோதே தெரியும். ராஜசேகருக்கு எங்கள் ஊரில் மன்றம் கிடையாது. அவர் செத்தால் கொட்டகையை உடைக்க ஆளில்லை. ஆகவே அவர் ஒவ்வொரு முறை வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் உள்ளே யார் இருக்கிறார்களோ என்று வயிறு கலங்கியது. இடைவேளைகளில் எங்கள் அண்ணன்மார் கட்டிய பந்தயமே அதுதான்: இவன் பிழைப்பானா, மாட்டானா. நிஜத்தில் நேர்மையாக இருக்கும் ஒரு போலீஸ்காரரைப் பார்த்து ஊர் படும் கவலையும் அதுதானே.

அந்தப் படத்தைத் தொட்டுக்கொண்டே வந்தது 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' விஜயசாந்தியின் தெலுங்குக் 'கர்த்தவ்யம்' (1990) தமிழ் பேசிய வடிவம். சிறந்த நடிகைக்கான தேசிய விருதை அவருக்கு வாங்கித் தந்த படம். அதற்குக் கொட்டகையில் தட்டிக்கு அந்தப் பக்கம் எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல்தான் வந்தது. எங்கள் அத்தைகளும் சித்திகளும் ஒரு பெண் அதிகாரியைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. முதலில் திரையில்தான் பார்த்தார்கள். களையெடுப்பு முடிந்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு கூட்டமாகப் போனார்கள். சின்னச் சித்தி மட்டும் மறுநாளும் போனார். ஏன் என்று கேட்டதற்கு, "அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஆம்பிளை நின்றுகொண்டு பதில் சொல்கிறான், அதைப் பார்க்க வேண்டும்" என்றார். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது மட்டும்தான் அவருக்குப் படம்.

பிறகு வந்த வருடங்களில் போலீஸ் படம் பெருத்துவிட்டது. திருமங்கலத்தில் பிறந்து மதுரையில் வளர்ந்த விஜயகாந்த்தை நாங்கள் எவ்வளவு கொண்டாடினோம் என்று சொல்ல வேண்டியதில்லை. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிக'ளில் (1986) டி.எஸ்.பி.யாக வந்தபோதே அவர் எங்களுடையவர் ஆகிவிட்டார். குறை அவரிடம் இல்லை. ஆனால் போகப் போகக் காக்கிச் சட்டைக்காரன் சட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் மேலே போனான். எதிரில் இருப்பவன் மந்திரியின் ஆள் என்பது மாறி, குப்பத்துப் பையன் ஆனான். சுட்டுத் தள்ளுவதற்குக் கைதட்டல் கேட்டார்கள், கிடைத்தது. சீயானின் கேள்வியை, யாரை அடிக்கிறான் என்பதை, தியேட்டரில் கேட்க ஆளில்லாமல் போயிற்று. மதுரையிலும் ஊர் முழுக்க ஒட்டிய போஸ்டர்களில் துப்பாக்கி பெரிதாகிக்கொண்டே வந்தது.

இந்த வீக்கத்துக்கு நடுவே 2016-இல் இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்தன. இரண்டும் பிப்ரவரியில். மதுரைக் கதையான 'சேதுபதி'யில் விஜய் சேதுபதி இன்ஸ்பெக்டர். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வில்லன். அது நட்சத்திரப் படம்தான், ஆனால் விசாரணையின்போது துப்பாக்கி வெடித்துப் பள்ளி மாணவன் ஒருவன் காயப்பட, அதன் பின் இன்ஸ்பெக்டர் வேலை போய்விடுமோ என்று தவிக்கும் பகுதி எனக்குப் பிடித்திருந்தது. ஏட்டையா இருந்திருந்தால் அவருக்கும் பிடித்திருக்கும். மதுரைத் தியேட்டரில் சண்டைக் காட்சிகளைவிட, வீட்டுக்குள் மனைவியிடம் அவன் அடங்கிப் போகும் காட்சிகளுக்குத்தான் அதிகச் சிரிப்பும் கைதட்டலும்.

இன்னொன்று வெற்றிமாறனின் 'விசாரணை'. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து எடுத்தது. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிப்பார்கள். ஸ்டேஷன் சுவரில் தெலுங்கு எழுத்து. அதைப் பார்த்த உடனே எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே எழுத்து, அதே காக்கி. கொட்டகையில் நாங்கள் எழுந்து நின்று கைதட்டிய அதே ஆந்திரப் போலீஸ். இந்த முறை லத்தி எங்கள் ஆட்களின் முதுகில், அதன் பழைய இடத்திலேயே விழுந்தது. குடும்பத்தோடு வந்திருந்த சிலர் இடைவேளையில் எழுந்து போனார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்கள் தொடக்கத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் அடி விழுந்ததும் அவர்களில் ஒருவன் கையை எடுத்து நண்பனின் தோளில் வைத்தான், படம் முடியும்வரை எடுக்கவே இல்லை. வெனிஸ் விழாவில் பரிசு, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது, சமுத்திரக்கனிக்குத் துணை நடிகர் விருது, ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரை என்று எல்லாம் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. எனக்கு முக்கியம் சமுத்திரக்கனியின் இன்ஸ்பெக்டர் முத்துவேல். மேலிடம் சொல்வதைச் செய்துகொண்டே வந்தவன், ஒரு கட்டத்தில் முடியாது என்று நிற்கிறான். அப்படி நிற்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதையும் படம் மறைக்கவில்லை. ஏட்டையா தேடிய அந்த விட்டுப்போன காட்சி கடைசியில் தமிழில் வந்துவிட்டது.

அடுத்த வருடம் '8 தோட்டாக்கள்'. துப்பாக்கியைத் தொலைத்துவிட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டர். 1949-இல் அகிரா குரோசவா எடுத்த ஜப்பானியப் படத்தின் கருவை எடுத்துக்கொண்டு செய்த சிறிய படம். நாயகன் புதுமுகம் என்பதால் அவனுக்காக மறுபடியும் பயப்பட முடிந்தது. எம்.எஸ். பாஸ்கரைப் பற்றி அன்றைக்குப் பேசாதவர்கள் இல்லை.

பிறகு 2020 ஜூன். சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்ததில் இறந்தார்கள். போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி வெளிப்படையாக அறிக்கை விட்டார். அப்படிச் சொல்ல மனம் வேண்டும். நான் அவரை மதிக்கிறேன். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது; கொலை வழக்கு விசாரணையும் மதுரையில்தான் நடந்தது. அந்த வழக்கில் என்னை உலுக்கியது ஒரு பெண் தலைமைக் காவலர். அன்றிரவு ஸ்டேஷனில் பணியில் இருந்தவர். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், உடன் வேலை பார்த்தவர்கள் வெளியே நின்றுகொண்டிருக்க, பயந்துகொண்டே பார்த்ததைச் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள் என்று சொன்னார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு, மறுநாளும் அதே துறையில் அவர் வேலை பார்க்க வேண்டும்.

எங்கள் கொட்டகை எழுந்து நின்றது இவருக்காகத்தான். முப்பது வருடத்துக்கு முன்பே, இவர் யாரென்று தெரியாமல்.

2025 ஜூனில் மதுரைக்குப் பக்கத்தில், மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர் விசாரணை என்று அழைத்துப் போகப்பட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு இறந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து, அலைபேசியில் யாரோ அனுப்பிய ஒரு சினிமாத் துண்டுக் காட்சியைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் ஒருவர் லாக்கப்பில் ஒருவனை அடிக்கிறார், பின்னணியில் இசை முழங்குகிறது. இதை எடுத்தவர்கள் தூங்கியிருப்பார்களா என்று நினைத்தேன்.

மதுரையில் இப்போது குறும்படம் எடுத்துவிட்டு முதல் படத்துக்குப் பணம் தேடும் பிள்ளைகள் நிறையப் பேர். என் மகனின் நண்பர்களே சிலர் இருக்கிறார்கள். கதை சொல்ல வருகிறார்கள். பாதிப் பேரிடம் போலீஸ் கதை இருக்கிறது. பெரிய நடிகர் தேதி கொடுத்தால்தான் எடுக்க முடியும் என்று சோர்ந்து போகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, நடிகர் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்த வரம் என்பதுதான். ஒரு தலைமைக் காவலரின் கதையை எடுங்கள். ஓர் இரவு, ஒரு ஸ்டேஷன், காவல் பணியை எழுதும் ஒரு பாரா புத்தகம். மேலதிகாரியின் குரல் போனில் மட்டும் கேட்டால் போதும். ஜீப்கூட வேண்டாம். அந்த அம்மா வாய் திறப்பாரா மாட்டாரா என்பதைவிடப் பெரிய சண்டைக் காட்சியை எந்த ஸ்டண்ட் மாஸ்டரும் அமைத்துத் தர முடியாது. மதுரையில் பகல் காட்சி ஒன்றுதான் கொடுப்பார்கள், ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள், தெரியும். அந்த ஒரு வாரத்துக்குள் உசிலம்பட்டியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. எங்கள் ஆட்களுக்கு யாரை அடிக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியும்.

உடுப்பில் நட்சத்திரமும் ரிப்பனும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஏட்டையாவின் மகன் இருக்கிறார். அவரும் ஏட்டாக ஓய்வு பெற்றவர்தான். கதைக்கு இன்னும் ஆழம் வேண்டும் என்றால் ஏப்ரல் 3-ஆம் தேதி வாருங்கள், பெருங்காமநல்லூருக்குக் கூட்டிப் போகிறேன். வருடம்தோறும் அன்றைக்கு நினைவுத் தூணுக்கு மாலை போட ஊரே கூடும். ரேகைச் சட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அவர்கள் மடியில் உட்கார்ந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.